ஒரு பாட்டும் வாசிக்காத பெரிய பிடில்

வாழ்நாள் முழுக்க வாத்தியம் வாசித்துவிட்டு, ஒரு பாட்டைக்கூட வாசிக்காமல் போய்ச் சேர்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கொடைக்கானலில் இருந்தார். பல சீசன்கள் அவரோடு ஒரே மேடையில் நின்றவன் என்பதால் இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ஊரில் அவருக்குப் பெயர் பெரிய பிடில். அவர் வாசித்த வாத்தியத்துக்கும் அதே பெயர்தான். டபுள் பேஸ் என்பார்கள் அதை. சாதாரணப் பிடிலை ஆளுயரத்துக்கும் மேலே வளர்த்துத் தரையில் நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். பக்கத்தில் நின்றுகொண்டு விரலால் தந்தியைச் சுண்ட வேண்டும். டும், டும் என்று அடிவயிற்றிலிருந்து பேசும். இதில் கடவுள் செய்த குறும்பு, நான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்த மனிதர் என் தோளுக்குக்கூட வரமாட்டார். வாத்தியத்தின் கழுத்து எட்டுவதற்காக ஒரு பேரிக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றுதான் வாசிப்பார். பனைமரம்போல் வளர்ந்த எனக்கு வாய்த்ததோ தாடையில் இடுக்கிக்கொள்ளும் சின்ன பிடில். மேடையில் நாங்கள் அடுத்தடுத்து நின்றால், வாத்தியங்களை யாரோ தவறாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே வந்தவர்கள் நினைப்பார்கள்.

வெள்ளைக்காரத் துரைகளில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டு, மீதிப் பேர் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஐம்பதுகள் அவை. ஏரிக்கு மேலே இருந்த ஓர் ஓட்டலில் சீசன்தோறும் நடனம் உண்டு. ஏப்ரல் பிறந்தால் தோட்டத் துரைகளும், மதுரை மில் முதலாளிகளும், மெட்ராஸ் டாக்டர்களும் மனைவிமாரோடு வந்து இறங்குவார்கள். அவர்கள் ஆடுவதற்கு வாசிக்க நாங்கள் நான்கு பேர். பியானோ வாசித்த சாமுவேல் மாஸ்டர்தான் தலைவர். டிரம்ஸுக்கு ஒருவர், பிறகு பிடில் இரண்டும். பகலில் எனக்கு அதே ஓட்டலில் குமாஸ்தா வேலை. பெரிய பிடிலுக்குப் பகலில் வெந்நீர் வேலை. பாய்லருக்கு விறகு போட்டு, அறை அறையாக வாளி சுமக்க வேண்டும்.

வாத்தியம் அவர் கைக்கு வந்ததே அந்தப் பாய்லரின் புண்ணியத்தில்தான். ஊருக்குப் போன ஏதோ ஒரு துரை விட்டுச் சென்ற டபுள் பேஸ், உடைந்த கட்டில்களோடு விறகுக் கொட்டகையில் கிடந்தது. மழைக்காலத்தில் காய்ந்த விறகுக்குத் தட்டுப்பாடு வர, கட்டிலோடு அதையும் வெட்டி அடுப்பில் போடச் சொன்னார் மேனேஜர். அண்ணன் கோடாலியை எடுக்கும்போது, மிச்சமிருந்த ஒரே தந்தியில் கை பட்டுவிட்டது.

"டும்முன்னுச்சு தம்பி. 'இருப்பா'ன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. சரின்னு இருந்துட்டேன்."

ஸ்வரங்களைச் சாமுவேல் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் சுருதியை அண்ணன் பாய்லரிடம்தான் கற்றுக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. நேரிலேயே கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"மாஸ்டரு பியானோ பனிக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி பேசுது. பாய்லரு அப்படியா? எப்பவும் ஒரே பேச்சுதான்."

அவருக்குப் பாட்டு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வாசித்த எல்லாப் பாட்டும் ஒரு பிசகில்லாமல் தெரியும். ஆனால் டும் டும் என்று அடியில் தாங்குவதோடு சரி. பாட்டின் ஒரு வரியை அந்தத் தந்தியில் எழுப்பிக் காட்டுங்கள் என்றால் காது கேட்காதவர்போல் இருந்துவிடுவார். ஒருமுறை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"பாட்டு உங்க சோலி தம்பி. அது மேல போறது. எல்லாருமே மேல போயிட்டா அப்புறம் கீழ யாரு இருக்குறது?"

ஒவ்வொரு பாட்டு தொடங்குமுன்னும் அவர் பெட்டிமேல் ஏறி, வாத்தியத்தின் கழுத்தில் காதை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "நீங்க போங்க தம்பி, நான் கீழ இருக்கேன்." பஸ் ஏற்றிவிட வந்த உறவுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்வதுபோல அவ்வளவு கரிசனமாக இருக்கும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் எங்கே போகப்போகிறேன்? அவருக்குப் பக்கத்திலேதானே நிற்கப்போகிறேன்?

மேடையோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. யார் பேசினாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் 'ம்...ம்ம்...' என்று ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வார். நாம் குரலை உயர்த்தினால் அவரும் அதற்குத் தக்கபடி இடம் மாறுவார். ஒருநாள் ஒரு மில் முதலாளி, வெந்நீர் ஆறிப்போய் வந்தது என்று என் மேஜைமுன் நின்று கத்தினார். அண்ணன் காலி வாளியோடு பக்கத்தில் நின்று முனகத் தொடங்கினார். முதலாளியின் வசவு மெல்ல மெல்ல ஒரு தாளத்தில் விழுந்து, கடைசி வாக்கியம் கிட்டத்தட்டப் பாட்டாகவே முடிந்தது. அவருக்கே அது விளங்கி, வெட்கப்பட்டு அறைக்குப் போய்விட்டார்.

பழனி அடிவாரம்தான் அண்ணனுக்குச் சொந்த ஊர். அங்கே கோயிலில் நாதஸ்வரம் முழங்கினால் கூட்டம் வித்துவானின் விரலைப் பார்க்கும். இவர் நேரே ஒத்து ஊதுகிறவரிடம் போவார். வித்துவானுக்குப் பக்கத்தில் நின்று முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருப்பாரே, அவரிடம். வாசித்து முடித்ததும் அவரைத்தான் முதலில் கும்பிடுவார். 'அவனுக்கு இவன் ஒத்து ஊதுறான்' என்று யாராவது கேலியாகப் பேசிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். அந்த மனிதருக்குக் கோபம் என்று ஒன்று வந்து நான் பார்த்தது அதற்கு மட்டும்தான்.

ஒரு சீசனில், மூன்று பேர் வாசித்தால் போதும் என்று மேனேஜர் முடிவெடுத்தார். "அந்தப் பெரிய பெட்டி சத்தம் யாருக்குக் கேக்குது?" என்றார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் பாய்லருக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சனிக்கிழமை நடனத்தில் ஜோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஒரு டாக்டரம்மா விழுந்தே விட்டார். தரைக்கு மெழுகு அதிகமாகப் போட்டுவிட்டதாக மெழுகு போட்டவருக்குத் திட்டு. அடுத்த சனிக்கிழமை மெழுகில்லாத தரை, ஆனாலும் மிதி குறையவில்லை. அதற்கடுத்த வாரம் பழையபடி மெழுகு போட்டார்கள், சாமுவேல் மாஸ்டரும் தன் பொறுப்பில் பெரிய பிடிலை அழைத்துக்கொண்டார். எல்லாரும் ஒழுங்காக ஆடினார்கள். பழைய மெழுகுதான் நல்ல மெழுகு என்று மேனேஜர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் பனிக்கு வாத்தியத்தின் ஒட்டு விட்டுவிடும். ஒட்டவைக்க மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். தனக்கிருந்த ஒரே கம்பளியை அதற்குப் போர்த்தி, கயிறு கட்டி, பஸ் மேலே படுக்கவைத்துக்கொண்டு கிளம்புவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது டீக்கடையிலிருந்த பெரியவர் ஒருவர் மேலே பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"என்ன வயசுங்க?"

"சரியாத் தெரியலைங்க. துரைங்க காலத்து ஆளு," என்றார் அண்ணன்.

"நல்ல சாவுதான்," என்று பெரியவர் பெருமூச்சு விட்டார். சிரிப்பை அடக்க நான் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. மேலே ஏறி, குளிருமோ என்று கம்பளியைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் திடீரென்று பூண்டுமேல் ஆசை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மேல்மலைக்காரர்கள் பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவார்கள். அண்ணன் வாராவாரம் போய்ப் பை நிறையப் பூண்டு வாங்கிவந்தார். அறையில் பூண்டு, பரணில் பூண்டு, வாளிக்குள் பூண்டு. பிள்ளை பெற்றவளுக்குக்கூட இத்தனை பூண்டு ஆகாது. வாத்தியத்துக்குப் பக்கத்தில் குவித்துவைத்ததில் அதற்குள்ளும் வாசனை ஏறிவிட்டது. சமையலறைக் கதவைச் சாத்தக்கூடாதா என்று நடனத்தின் நடுவே ஒரு துரைசானி வந்து கேட்டுவிட்டுப் போனாள். விஷயம் என்ன என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பின்னாலேயே போனேன்.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். எதிரே பூண்டுக் குவியலின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தாள். "பூண்டேய்... மலைப்பூண்டேய்..." நல்ல கணீரென்ற குரல். அவள் இழுக்கும்போதெல்லாம் இவர் அடியில் 'ம்...ம்...' என்று சேர்ந்துகொண்டிருந்தார். அவள் நிறுத்தினாள்.

"ஏங்க, வாங்குனா வாங்குங்க, இல்லாட்டி வழிய விடுங்க. வாராவாரம் வந்து நின்னுக்கிட்டு என்னத்த மொனங்குறீங்க?"

"நீங்க கூவுங்க. நான் கீழ இருக்கேன்," என்றார் அண்ணன்.

அவள் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே பூண்டுத் தோல்தான் கிடந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு மறுபடி கூவத் தொடங்கினாள். ஆனால் கூவல் மாறிவிட்டது. ஒவ்வொரு 'பூண்டேய்'க்கும் பிறகு கொஞ்சம் இடம் விட்டாள். அந்த இடத்தில் இவர் 'ம்' வந்து உட்கார்ந்தது. சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிடில்காரனான எனக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்துக்கொள்கிற காதலை நானும் எத்தனையோ கண்டிருக்கிறேன். இது அதைவிடத் துணிச்சலாக, நடுச்சந்தையில் எல்லார் காதிலும் விழும்படி நடந்துகொண்டிருந்தது.

அவள் பெயர் நாச்சியம்மா. பூம்பாறைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். அப்பா வேலுச்சாமி, பூண்டு விவசாயி. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு வந்தால், அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாளின் வீட்டில்தான் தங்குவார். தூரத்துச் சொந்தம். அந்த அம்மாள்தான் பெரிய பிடிலின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர். கடவுளாகப் பார்த்து முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். முடிச்சில் ஒரு சிக்கல் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவரும் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

அக்கா பெண் கேட்டபோது வேலுச்சாமி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தார். வெந்நீர் சுமப்பதைச் சொல்ல அக்காவுக்குக் கூச்சம். ஓட்டலில் பிடில் வாசிக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

"பிடிலுங்கிறது ஒரு சோலியா?" என்று யோசித்த வேலுச்சாமி, "சரி, பொண்ணு பாக்க வர்றப்ப அதையும் எடுத்தாரச் சொல்லுங்க. ஒரு பாட்டு கேப்போம். நல்லா வாசிச்சாரு, பொண்ணத் தாரேன். இல்லைன்னா மண்டிக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றாராம்.

பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்வதுதான் வழக்கம். மாப்பிள்ளையை வாசிக்கச் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வீட்டில்தான். அதிலும் எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையை.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டு. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. கல்யாணத்துக்காக ஒரே ஒரு தடவை அந்தத் தந்தியில வாசிச்சிருங்க," என்று கெஞ்சினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அதில் ஆவி அடங்கும்வரை யோசித்தார்.

"அப்படி வாசிச்சுக் கட்டிக்கிட்டேன்னு வைங்க. அப்புறம் ஆயுசு பூரா அவ முன்னால நான் வேற ஆளா நடிக்கணும் தம்பி."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நானும் கூட வரவேண்டும். நான் மேலே, அவர் கீழே. இரண்டும் சேர்ந்தால் ஒரு பாட்டு ஆகிவிடாதா?

அக்கா முன்தினமே பழனியிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார். வெள்ளனே கிளம்பி, பூண்டு லாரி ஒன்றில் போய் இறங்கினோம். அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை. முந்தின நாள் சந்தை முடித்து ஊர் திரும்பும் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். பெரிய பிடிலைக் கம்பளியில் சுற்றி, நீள மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் அக்கா, அண்ணன், நான். ஊர் எல்லைக்கு வந்தபோதுதான் எனக்கு வத்தலக்குண்டு ஞாபகம் வந்தது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தோட்டத்தில் நின்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். எதிர்கொண்டு அழைக்க வந்த வேலுச்சாமி அப்படியே நின்றுவிட்டார்.

"பொண்ணு பாக்க வர்ற வழியில யாருங்க தவறிட்டாங்க?"

"முருகா! அது பிடிலுங்க," என்றார் அக்கா, பாதி அழுகையோடு.

"இம்புட்டுப் பெரிய பிடிலா?"

நடுவழியில் கம்பளியை அவிழ்த்துக் காட்டின பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். சகுனம் போன கதியை நினைத்து அக்கா வழிநெடுக முருகனைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டின் முன்கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். உத்திரம் முழுக்கப் பூண்டுக் கொத்துகள் தொங்கின. அந்த வாசனையில் அண்ணன் சொந்த வீட்டுக்கு வந்தவர்போல் ஆகிவிட்டார். நாச்சியம்மா தலைகுனிந்து வந்து, எல்லாருக்கும் சுக்குக்காப்பி கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணனுக்கு வந்த டம்ளர் மட்டும் தளும்பத் தளும்ப இருந்தது.

"ஆரம்பிங்க, கேப்போம்," என்றார் வேலுச்சாமி.

அண்ணன் ஒரு உருளைக்கிழங்குப் பெட்டியை வாங்கிக் கவிழ்த்து ஏறினார். "நீங்க போங்க தம்பி, நான் கீழ இருக்கேன்." நான் போனேன். ஒரு வால்ட்ஸ். மூன்று மூன்றாக அடி வைத்துச் சுழன்று ஆடுவதற்கான மெட்டு. அதில் முதல் அடியில் மட்டும் அவர் ஒரு டும் போடுவார், மற்ற இரண்டு அடியிலும் சும்மா இருப்பார். அன்றைக்கு நான் உயிரைக் கொடுத்து வாசித்தேன். அண்ணனுக்காகத்தான் வாசித்தேன். அதுதான் வினையாக முடிந்தது.

வாசித்து முடித்ததும் கூடம் முழுக்க என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. வேலுச்சாமி என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திண்டுக்கல்லுங்க."

"கல்யாணம் ஆயிருச்சா?"

இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இந்த வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.

"அருமையா வாசிக்கிறீங்க. அது கெடக்கட்டும், மாப்பிள்ள எப்ப வாசிப்பாரு?"

"அவரும்தாங்க வாசிச்சாரு."

"எங்க வாசிச்சாரு? நீங்க வாசிக்கிறப்ப பக்கத்துல நின்னு தட்டிக்கிட்டுல்ல இருந்தாரு?"

மூலையிலிருந்த பெரியவர் ஒருவர், "ஒத்து ஊதுறாரு போல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அங்கே கோபம் இல்லை.

"ஆமாங்க. அதே சோலிதாங்க," என்றார்.

வேலுச்சாமி சிரிக்கவில்லை. மகளைக் கொடுக்க இருப்பவர் அல்லவா. "தம்பி, நீங்க சித்த உக்காருங்க. மாப்பிள்ள மட்டும் வாசிக்கட்டும். பொண்ணக் கட்டப்போறது அவருதான?"

அதில் நியாயம் இருந்தது. நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அண்ணே, ஒரு வரி' என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் வாத்தியத்தின் கழுத்தில் காதை வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்க போங்க தம்பி..." என்று தொடங்கி, நின்றுவிட்டார். நான் போக முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு யாருக்கு என்றில்லாமல், "நான் கீழ இருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

டும்.

அப்புறம் ஒன்றுமில்லை.

டும்.

மறுபடி ஒன்றுமில்லை. அதே வால்ட்ஸ், ஆனால் பாட்டு இல்லாமல்.

"சுருதி சேக்குறாரு," என்றார் ஒருவர். "சேக்கட்டும், சேக்கட்டும். மெதுவா ஆரம்பிக்கட்டும்," என்றார் இன்னொருவர். எனக்கு மட்டும் அந்த முழுப் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும். அந்தக் கூடத்தில் வேறு எவருக்கும் கேட்கவில்லை. அவர் அவசரப்படவில்லை, ஒரு டும் கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் எத்தனையோ பேர் தனியாக வாசித்துக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தனியாக நின்ற ஒரு மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வேலுச்சாமி வாசல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். மண்டிக்காரருக்கு என்ன சொல்லி அனுப்பலாம் என்று யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது அடுப்பங்கரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பூண்டேய்..."

மெதுவாகத்தான் வந்தது. டும் விழுந்தது.

"மலைப்பூண்டேய்..."

பெண் பார்க்க வந்திருக்கும்போது பெண் உள்ளேயிருந்து குரல் கொடுப்பதாவது. அதுவும் சந்தைக் கூவலை. எல்லாரும் விறைத்துப்போய்க் கதவைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடி, விரலைத் தந்தியில் கொஞ்சம் இறக்கி அவள் சுருதிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார். அவள் குரல் ஏறியது. அவர் வெறுமனே விட்டிருந்த அந்த இடங்களிலெல்லாம் அவள் வந்து நின்றாள். அவர் தாங்கத் தாங்க அவள் மேலே போனாள். கூவல் எங்கே முடிந்து பாட்டு எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. சந்தையில் கேட்கும் முழுக்குரலில் கடைசி 'பூண்டேய்' உத்திரத்தில் போய் மோதியது. அதற்கு அடியில் ஒரு கடைசி டும். முடிந்தது.

வேலுச்சாமி அண்ணனை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சந்தையில உருளைக்கிழங்கு மூட்டைகிட்ட நின்னு மொனங்கிக்கிட்டே இருக்குற ஆளு... நீங்கதானா அது?"

"ஆமாங்க மாமா."

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"ரொம்ப நாளாங்க."

அடி விழப்போகிறது என்று நான் பிடிலைப் பெட்டிக்குள் வைத்தேன். வேலுச்சாமி தாடையைத் தடவினார்.

"அதான பாத்தேன். இப்பக் கொஞ்ச நாளா இவ கொரலு எப்படி இம்புட்டுத் தெம்பா வருதுன்னு எனக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருந்தேன். பூண்டும் வெரசா வித்துப்போகுது." அக்காவின் பக்கம் திரும்பினார். "வெத்தலபாக்கு எடுங்கம்மா. மண்டிக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பழனி அடிவாரத்தில் கல்யாணம் நடந்தது. மணவறையில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை நாதஸ்வரத்துக்கு அடியில் 'ம்' என்று சேர்ந்துகொள்ள, ஒத்து ஊதியவர் யாரடா போட்டிக்கு என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாச்சியம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் நிறுத்தினார்.

அறுபதுகளில் ஓட்டலுக்கு ஒரு ரேடியோகிராம் வந்தது. ஒரு ஆள் ஒரு இசைத்தட்டைப் போட்டால் நாங்கள் நான்கு பேரும் வாசிப்பதைவிட அதிகமாக அது வாசித்தது. நான் திண்டுக்கல்லுக்கு வேலை மாறினேன். அண்ணன் அதே மூங்கிலில், அதே கம்பளியில் பெரிய பிடிலைத் தூக்கிக்கொண்டு மேல்மலைக்குப் போய்ப் பூண்டு பயிரிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டும் இருவரும் தவறாமல் வருவார்கள். அவள் கூவ, இவர் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பார். நானும் நேரம் கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாத பூண்டோடு வீடு திரும்புவேன்.

ஒரு மார்கழிக் குளிரில் அவருக்கு மார்ச்சளி கண்டது. அப்போதும் கம்பளி பிடிலுக்குத்தான் போர்த்தியிருந்தது என்று சொன்னார்கள். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். நாச்சியம்மா அதே இடத்தில் உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தாள். "பூண்டேய்..." என்று கூவிவிட்டு, கொஞ்சம் இடம் விட்டாள். "மலைப்பூண்டேய்..." மறுபடியும் இடம் விட்டாள். வாங்க வந்தவர்களுக்கு அவள் மூச்சு வாங்குவதாகத்தான் தோன்றியிருக்கும். எனக்கு அந்த வெற்றிடத்தைத் தாங்க முடியவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அடுத்த தடவை அவள் இடம் விட்டபோது, என் வாழ்நாளில் முதல் தடவையாக, பாட்டை விட்டுவிட்டு அடியில் 'ம்...' என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை பூண்டை அளந்துகொண்டே இருந்தது.

"கொஞ்சம் மேல இருக்குண்ணே. இன்னும் கீழ வாங்க."

நான் இறங்கினேன். இன்னும் இறங்கிப் பார்த்தேன். அவர் இருந்த அந்த இடம்வரைக்கும் இறங்க எனக்குக் குரல் இல்லை.